என் தங்கை நடத்திய ஃபேஷன் ஷோ

1

சென்ற மாதம் லெஸ்டர் பார்சல் அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. இந்தியாவிலிருந்து உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது, நேரில் வந்து விளக்கம் தந்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டில் என் தங்கை சுமதி தன்னுடைய கோணல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: ‘வீடியோ. லேடீஸ் ஷோ. ஒன்லி ஃபார் சிஸ்டர்.’

“என்ன மாதிரியான ஷோ, மேடம்?”

விளக்கினேன். பெண்கள், துணி, மேடை, கல்லூரிப் படிப்பு, நிதி என்று வார்த்தைகள் எல்லாம் வந்தன. அவற்றைக் கட்டிப்போட வேண்டிய வினைச்சொல் மட்டும் வரவில்லை. பெண்கள் படிப்புக்காகத் துணியை என்ன செய்கிறார்கள் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அவருடைய புருவம் மேலே போனது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு கேசட்டுடன் உள்ளே போனார்.

ஒரு நிமிஷம் அரை மணியானது. கதவு லேசாகத் திறந்திருந்ததால் உள்ளே இருந்த டிவி பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. அதில் என் தங்கை மைக்கைப் பிடித்துக்கொண்டு கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். அதிகாரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“உங்கள் தங்கையா? ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை” என்றார்.

பதினைந்து வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன், வரிசையில் நிற்கிறேன், தேவைப்படாத இடத்தில்கூட மன்னிப்புக் கேட்கிறேன். ஓர் அதிகாரியும் என்னிடம் இப்படிச் சிரித்துப் பேசியதில்லை. அவள் இந்த மண்ணை மிதிக்காமலேயே ஓர் ஆளைச் சம்பாதித்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பார்த்து ஊரில் இருப்பவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2

எங்களுக்குப் பொங்கலூர்ப் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். நாங்கள் இரண்டே பெண்கள். நான் படிப்பவள், சுமதி பேசுபவள். பிளஸ் டூவில் பள்ளியில் முதலாவதாக வந்தேன். கோயமுத்தூரில் கல்லூரி சீட்டும் கிடைத்தது. அதே மாதம் கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளை லெஸ்டரில் பனியன் துணி பின்னும் ஆலையில் வேலையாக இருந்தார். எண்பத்தொன்றில் விமானம் ஏறினேன்.

சுமதி பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அவளுக்கு வாய்த்தவர் திருப்பூரில், பல்லடம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நாலு தையல் மெஷின் போட்டு, தைத்த பனியனைக் காதர்பேட்டைக் கடைகளில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கடிதமெல்லாம் ஒரே புலம்பலாக இருக்கும். கரண்ட் இல்லை, நூல் தூசியில் இருமல், தண்ணீர் லாரி வரவில்லை. நான் கோட்டு போட்டுக்கொண்டு பனியில் நிற்கும் போட்டோவை அனுப்பி வைப்பேன். ‘உனக்கென்னக்கா, நீ மகராசி’ என்று எழுதுவாள். அந்த வரி கண்ணில் பட்டால் அன்று வேலைக்குப் போகும் வழியில் குளிர் தெரியாது.

பிறகு கடிதங்கள் குறைந்தன. போன் வந்தது. ஜெர்மனியில் இருந்து பனியன் வாங்குகிற பையர் வந்தார், ஹாலந்தில் இருந்து பையர் வந்தார், நம் வீட்டில் பணியாரம் சாப்பிட்டார் என்றாள். தகரக் கொட்டகை இரண்டு மாடி யூனிட் ஆனது. அவள் ஆங்கிலம் எப்படித் தெரியுமா? “யூ கம், யூ சீ, யூ லைக், யூ ஆர்டர்.” வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு இலக்கணம் தெரியும். அதனால்தானோ என்னவோ, வாயைத் திறப்பதற்குள் பேருந்து போய்விடும்.

என் வேலையைப் பற்றி ஊரில் ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ என்று சொல்லி வைத்திருந்தேன். தைத்து வரும் டீ சர்ட்டுகளில் பிசிர் நூல் வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு லெஸ்டரில் அதுதான் பெயர். திருப்பூரில் அதற்குப் பெயர் செக்கிங்.

3

இந்த ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் என் மகள் அபிராமியும் மட்டும் போனோம். அவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் அபி, பள்ளியில் ஏபி. தமிழ் புரியும், என்னிடம் பேச மாட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், கதவு சாத்தும் சத்தத்தோடு.

சுமதி வீட்டில்தான் தங்கினோம். போன மூன்றாம் நாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சுமதியிடம் போய், “சித்தி, எனக்குக் குளிர் பிடிச்சிருக்கு” என்றாள். சளி பிடித்திருப்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான் திருத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் சுமதி, “புடிச்சா வெச்சுக்க கண்ணு, இங்க அது கெடைக்கவே கெடைக்காது” என்று அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அபியும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் மகளின் தமிழ் நிற்கவே இல்லை. எல்லாம் தப்பும் தவறுமாக, சித்தியின் பின்னாலேயே. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பதின்மூன்று வருஷம் என்னிடம் பேசாத தமிழ்.

யூனிட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சுமதி கூட்டிக்கொண்டு போனாள். முதல் மாடியில் செக்கிங் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மடியில் துணியை வைத்துக்கொண்டு பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அபி நின்றுவிட்டாள்.

“சித்தி! அம்மாவும் இதான் பண்றாங்க!”

பெண்கள் நிமிர்ந்து என் பட்டுப்புடவையையும் கைப்பையையும் பார்த்தார்கள். ஒருத்தி சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கேலி இல்லை, மரியாதைக்குத்தான். சுமதி ஒன்றுமே காதில் விழாதவள்போல மேலே ஏறிப் போனாள். அவள் கேலி செய்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

4

ஃபேஷன் ஷோ அவளுடைய யோசனை. அவளும், காதர்பேட்டையில் மொத்தக்கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள் நூர்ஜஹானும் சேர்ந்து ஆரம்பித்தது. தையல் யூனிட்டுகளில் வேலை செய்பவர்களின் மகள்களைக் கல்லூரிக்கு அனுப்ப ஒரு நிதி. பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் பெண்கள் உயர்கல்விக்கு நிதி திரட்டுகிறாள். நல்ல காரியம்தான். அது நல்ல காரியமாக இருந்ததுதான் கஷ்டம். குறை சொல்ல முடியவில்லை.

முதலில் மெட்ராஸிலிருந்து மாடல்களை வரவழைப்பதாக இருந்ததாம். ஊர்ப் பெரியவர்கள் கூடாது என்றார்கள். “அப்ப நாங்களே நடக்கறமுங்க” என்று சுமதி சொல்லிவிட்டாள். கம்பெனி முதலாளிகளின் மனைவிமார், சுடிதார் மேல் தாங்கள் தைக்கும் டீ சர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நடப்பது. சுமதியின் மாமியார் அன்று சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார்.

“ஏம்புள்ள, மானம் மருவாதி எல்லாம் காத்துல உட்டாச்சா?”

“ஏனுங்கத்தே, வெள்ளக்காரி இதப் போட்டு நடந்தா நமக்கு ஆர்டருங்க. நாம போட்டு நடந்தா மட்டும் மானம் போயிருங்களா?”

மாமியார் ஒதுக்கிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சுமதி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு டீ சர்ட்.

“அக்கா, நீயும் ஒரு நடை நடந்துரு. லண்டன் அக்காவே நடந்துட்டாங்கன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

வாங்கிப் பார்த்தேன். கழுத்துப் பட்டையின் அகலம், தோள் தையல், கையின் மடிப்பு எல்லாம் என் விரலுக்குத் தெரிந்தவை. போன வருஷம் வரை எங்கள் மேஜைக்கு மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த அதே மாடல். கழுத்தில் தைத்திருந்த கடைப் பெயரும் அதேதான். பிறகு அது வருவது நின்றுபோய், எங்கள் ஆலையில் ஒரு தையல் வரிசையையே மூடிவிட்டார்கள்.

“இது எப்ப இருந்து?” என்றேன்.

“புது பையருங்க்கா. முன்னால அங்கயே தச்சுட்டு இருந்தாங்களாமா. நம்ம ரேட்டப் பாத்துட்டு இங்க வந்துட்டாங்க” என்றாள் பெருமையாக.

முழங்கால் வலி என்று சொல்லி டீ சர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கதவோரம் நின்றிருந்த அபி, “நான் போடறேன் சித்தி” என்று வாங்கிக்கொண்டாள்.

5

கல்யாண மண்டபத்தில்தான் ஷோ. கட்டிங் டேபிள்களைக் கொண்டுவந்து நீளமாகச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கரண்ட் போய்விட்டதால் வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சுமதியின் மாமியார், அவருக்கு அடுத்து எங்கள் அப்பா. பின்னால் கம்பெனி முதலாளிகள், கமிஷன் ஏஜெண்டுகள், பம்பாய் வியாபாரிகள், அவரவர் குடும்பங்கள். பக்கவாட்டில் செக்கிங் பெண்கள் தங்கள் மகள்களோடு.

பெண்கள் நடந்தார்கள். முதலில் நடந்தவள் பாதியில் வெட்கப்பட்டு ஓடினாள். அடுத்தவள் கும்பிட்டுக்கொண்டே நடந்தாள். அபி வந்தாள். டேபிளின் விளிம்பு வரை வந்து, இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அவள் முகம் யாரைத் தேடுகிறது என்று பார்த்தேன். சித்தியைத்தான்.

பிறகு சுமதி மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாரும் கேக்கறீங்க, பத்தாவது படிச்சவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு. சொல்றனுங்க. எங்கக்கா ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுங்க. கோயமுத்தூர்ல காலேஜு சீட்டு கெடச்சுதுங்க. என்னாச்சு? மாப்பிள்ளை வந்துட்டாரு. புஸ்தகத்த மூடி, கழுத்துல மாலையப் போட்டு, ஏரோப்ளேன்ல ஏத்தி உட்டுட்டோம். அக்கா அழுதா. யாரு கேட்டா? பதினஞ்சு வருசமாச்சுங்க, அந்த அழுகை இன்னும் எங்காதுல கேக்குது. இன்னொரு ஊட்டுல அது கேக்கக்கூடாதுங்க. அதுக்குத்தானுங்க இது.”

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு கமிஷன் ஏஜெண்ட் மூக்கை உறிஞ்சினார். எனக்கோ காது சூடாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து, ஷிப்மெண்டுக்கு அனுப்பிவிட்டாள். என்னைவிட நன்றாகவும் சொல்லிவிட்டாள்.

அப்போது அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் படிக்க விடாத மனிதர்.

அது உண்மை இல்லை. அப்பா கல்லூரியில் பணம் கட்டுவதற்காகக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர். நான்தான் ஓடிப்போய் இறங்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் போட்டோ வந்திருந்தது. பனியில், ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றிருந்தார். “கண்ணு, மாப்பிள்ளை இன்னொருத்தர் வருவாரு. சீட்டு வராது சாமி” என்று அப்பா ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். எனக்குக் கல்லூரி போதவில்லை. ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. முக்கியமாகச் சுமதி பார்க்க வேண்டும்.

மேடையில் ஏறினேன். முழங்கால் வலி ஒன்றும் இல்லை என்பதை ஊரே பார்த்தது. மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

“எங்க அப்பா என்னைத் தடுக்கலீங்க. பணம் கட்டறதுக்கு பஸ்ஸே ஏறிட்டாருங்க. நான்தான் காலேஜ் வேண்டாம்னு சொன்னேன். வெளிநாடு போகணும்னு எனக்குத்தான் ஆசை. என் தங்கச்சி சொன்னது தப்பு.”

 சுமதியின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அப்பாவுக்காகத்தான் பேசினேன். ஆனால் அந்த முகம் விழுந்த கணத்தில் என் நெஞ்சில் பொங்கியது அப்பாவுக்கான சந்தோஷம் அல்ல.

கணம் நீடிக்கவில்லை. அவள் மைக்கைப் பறித்துக்கொண்டாள்.

“கேட்டீங்களாங்க? அப்பன் பஸ் ஏறி நின்னாலும், பொண்ணு சிவப்புக் காரப் பாத்து ஓடிருது! அப்ப நாம பணம் மட்டும் குடுத்தாப் பத்தாதுங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் பக்கத்துல உக்காந்து புத்தியும் சொல்லோணும். அதுக்கு ஆளு வேணும். அதுக்கும் சேத்துக் குடுங்க சாமி!”

மண்டபம் அதிர்ந்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவே சிரித்துவிட்டார். ரசீது எழுதிக்கொண்டிருந்த நூர்ஜஹானுக்குக் கை ஓயவில்லை. நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன், என்னை வைத்து அவள் இரண்டாவது முறையும் ஜெயித்ததைப் பார்த்துக்கொண்டு.

திரை மறைவில் அவளைப் பிடித்தேன். “எதுக்குப் பொய் சொன்னே?”

“பொய்யாக்கா? நீ அழுதே.”

“நான் அழல.”

“அழுதே. கார்ல ஏறறப்ப. நாந்தான் பாத்தேன். நீ காலேஜ நெனச்சு அழுவறேன்னுதான் இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறேன்.” அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

நான் அழுதது உண்மைதான். காலேஜை நினைத்து அல்ல. காரில் ஏறும்போது வீட்டு ஜன்னல் வழியாக என் அறையைப் பார்த்தேன். நான் கிளம்புவதற்குள்ளேயே அவள் என் புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த அலமாரியில் தன் வளையல்களை அடுக்கியிருந்தாள். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் மைக்கில் சொல்லியிருப்பாள்.

6

அன்று அப்பாவைப் பொங்கலூரில் கொண்டுபோய் விட, சுமதியின் காரில் நானும் அபியும் போனோம். பல்லடம் தாண்டியது. ஊரார் முன்னால் அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“நான் அந்த பஸ்ஸுல இருந்து எறங்கியிருக்கக் கூடாது சாமி” என்றார் திடீரென்று. “போயி கட்டிப்போட்டு வந்திருக்கோணும். நீ சின்னப்புள்ள. உனக்கென்ன தெரியும்?”

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் அத்தனை பேருக்குச் சொன்ன உண்மை, எந்த ஒருத்தருக்காகச் சொன்னேனோ அவரிடம் எடுபடவில்லை.

திரும்பி வரும்போது அபி ஆங்கிலத்தில் கேட்டாள், நீ காலேஜ் போக நினைத்தது எனக்கு ஏன் தெரியாது என்று. நீ கேட்கவில்லையே என்றேன்.

“உன்னிடம் எதையும் கேட்க முடியாது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதைத் திருத்திவிடுவாய்” என்றாள்.

அவள் ஆங்கிலத்தில் திருத்த ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லெஸ்டர் திரும்பினோம். ஏப்ரலில் எங்கள் ஆலையை இந்த வருஷக் கடைசியோடு மூடப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் மேஜையில் இருந்த அயர்லாந்துக்காரி, “எல்லாம் எங்கேயோ இந்தியாவுக்குப் போகிறதாம்” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டு முதல் மாடிக்குப் போகிறது என்பதை நான் சொல்லவில்லை. சுமதியிடமும் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அழுதுவிட்டு எனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன் என்பாள்.

கோடை விடுமுறைக்கு அபி திருப்பூர் போகிறேன் என்றாள். முடியாது என்றேன். இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அடுப்படிக்கு வந்து, தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி, “அம்மா, நான் போய்ட்டு வரும். உன்கிட்ட எல்லாம் சொல்லும்” என்றாள். இரண்டு இடத்தில் தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு டிக்கெட் எடுத்தேன். போய்வந்தாள். சொன்னாள். அதில் பாதிக்கு மேல் சித்தியின் புகழ். சோறு பரிமாறிக்கொண்டே முழுவதையும் கேட்டேன். திருத்தவில்லை. நிதியில் முதல் வருஷம் ஆறு பெண்கள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். ஒருத்தி, அன்று நகர்ந்து எனக்கு இடம் விட்ட பெண்ணின் மகளாம். வேதியியல் எடுத்திருக்கிறாளாம். நான் எடுக்க வேண்டியிருந்த பாடம். அந்தப் பெண்மேலும் எனக்குப் பொறாமைதான். பதினெட்டு வயது, முகம்கூடத் தெரியாது.

நேற்று இங்குள்ள கல்லூரிக்குப் போனேன். வேலை இழப்பவர்களுக்கு, பல்கலைக்கழகத்தில் சேரத் தயார் செய்யும் ஒரு வருஷ வகுப்பு இருக்கிறது. பதிவு செய்யும் மேஜையில் இருந்த பெண்மணி பெயர், வயது, விசா எல்லாம் கேட்டார். என் பிளஸ் டூ சான்றிதழில் இருப்பது அப்பாவின் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் இருப்பது கணவர் பெயர். இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நம்பவைக்கவே பெரும்பாடானது. கடைசியாக, “எதற்காக இப்போது படிக்க விரும்புகிறீர்கள்?” என்றார்.

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு வினைச்சொல் தேடிக்கொண்டு நிற்பேன். நேற்று அது ஓடிவந்தது.

“என் தங்கையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்” என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைவிட மோசமான காரணமெல்லாம் கேட்டிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, குனிந்து, ‘சொந்த முன்னேற்றம்’ என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை வகுப்பு. வேதியியல்.